குழந்தைகளின் தூக்கமும் வீட்டுப் பழக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைக்குழந்தை முதல் பள்ளி இறுதி வகுப்பு மாணவர் வரையுள்ள பிள்ளைகளின் தூக்கத்தைப் பற்றித் தமிழ்க் குடும்பங்களில் எழும் கேள்விகள் சிலவற்றுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. குறட்டை, மூச்சுத்திணறல் போன்ற நோய்க்குறிகளைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் சுருக்கமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. மற்றவை யாவும் வீட்டைப் பற்றியவை.

தூக்கம் உடலின் இயல்பு. அதில் பண்பாட்டுக்கு என்ன வேலை?

தூக்கத்தை இரண்டு விசைகள் நடத்துகின்றன என்று சூரிக் நகர ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் விளக்கினார். விழித்திருக்கும் நேரம் நீள நீள ஏறிக்கொண்டே போகும் தூக்க அழுத்தம் ஒன்று. ஒளியையும் இருளையும் கொண்டு நாளைக் கணக்கிடும் உடற்கடிகாரம் மற்றொன்று. இவ்விரண்டும் எந்த நாட்டில் பிறந்த குழந்தைக்கும் பொதுவானவை. ஆனால் குழந்தை எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும், யார் அருகில் படுக்க வேண்டும், எந்த வெளிச்சத்திலும் எந்த ஓசைக்கு நடுவிலும் உறங்க வேண்டும், நடுஇரவில் விழித்தால் யார் எழுந்து வர வேண்டும் என்பவற்றை உடல் தீர்மானிப்பதில்லை, குடும்பம் தீர்மானிக்கிறது.

இதைத் தெளிவாகக் காட்டியவர்கள் சாரா ஹார்க்னஸ், சார்லஸ் சூப்பர் என்ற அமெரிக்கத் தம்பதியர். கென்யாவின் கிப்சிகிஸ் மக்களிடையே குழந்தை பகலில் யாராவது ஒருவர் முதுகில் இருக்கும். இரவில் தாயின் அணைப்பில் கிடந்து, வேண்டும்போதெல்லாம் பால் குடிக்கும். அமெரிக்கக் குழந்தைகள் நான்கு மாத வயதில் ஏறத்தாழ எட்டு மணி நேரம் தொடர்ந்து தூங்கப் பழகிவிட, கிப்சிகிஸ் குழந்தைகளின் மிக நீண்ட தூக்கம் நான்கு மணி நேரத்தை ஒட்டியே நின்றது. அதைக் குறை என்று அங்கே யாரும் நினைக்கவில்லை, ஏனென்றால் காலையில் அலுவலகத்துக்கு ஓட வேண்டிய தாய் அங்கே இல்லை. இதே இருவர் பின்னர் நெதர்லாந்தில் ஆராய்ந்தபோது, அமைதி, ஒழுங்கு, தூய்மை ஆகிய மூன்றையும் குழந்தை வளர்ப்பின் அடிப்படையாகக் கொண்ட டச்சுப் பெற்றோரின் ஆறு மாதக் குழந்தைகள், அமெரிக்கக் குழந்தைகளைவிட நாளொன்றுக்குச் சுமார் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்குவதைக் கண்டார்கள். ஒரே வயதுக் குழந்தைகள், மூன்று வகை வீடுகள், மூன்று வகை இரவுகள்.

நம் பக்கத்துக் குழந்தைகள் தாமதமாகத்தான் தூங்குகிறார்களா?

ஆசியக் குழந்தைகள் பொதுவாகத் தாமதமாகவே படுக்கிறார்கள். இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளிலும் பகுதிகளிலும் பிறப்பு முதல் மூன்று வயது வரையுள்ள 29,287 குழந்தைகளின் தூக்கத்தை ஒப்பிட்ட ஆய்வொன்று 2010இல் வெளிவந்தது. அதன்படி நியூசிலாந்துக் குழந்தைகள் சராசரியாக இரவு 7.27க்கும், ஹாங்காங் குழந்தைகள் 10.17க்கும் படுத்தார்கள். ஒரு நாளின் மொத்தத் தூக்கம் ஜப்பானில் 11.6 மணி நேரமாகவும் நியூசிலாந்தில் 13.3 மணி நேரமாகவும் இருந்தது. பகல் தூக்கத்தில் நாடுகளுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதாவது, இரவில் இழந்ததைக் குழந்தைகள் பகலில் முழுவதும் மீட்டுக்கொள்ளவில்லை.

என் பார்வையில் இந்த ஆய்வின் மிகச் சுவையான முடிவு வேறொன்று. 'என் குழந்தைக்குத் தூக்கப் பிரச்சினை உள்ளது' என்று சொன்ன பெற்றோர் தாய்லாந்தில் 11 சதவீதம். சீனாவில் 76 சதவீதம். சீனக் குழந்தைகள் அத்தனை மடங்கு கெட்டுத் தூங்குகிறார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. எதைப் பிரச்சினை என்று அழைப்பது என்பதே ஊருக்கு ஊர் மாறுகிறது. இத்தகைய பல ஆய்வுகளுக்குக் குழந்தைப் பராமரிப்புப் பொருள் விற்கும் நிறுவனத்தின் நிதி உண்டு என்பதையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. எண்கள் அதனால் பொய்யாகிவிடாது. ஆனால் எந்தக் கேள்வி கேட்கப்படுகிறது என்பதில் நிதியின் சாயல் படியக்கூடும்.

அப்படியென்றால் எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டுதலின்படி, பகல் தூக்கத்தையும் சேர்த்து, முதல் மூன்று மாதங்களில் 14 முதல் 17 மணி நேரமும், 4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 16 மணி நேரமும், ஒன்று, இரண்டு வயதுகளில் 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதுகளில் 10 முதல் 13 மணி நேரமும் தேவை. பள்ளி வயதில் 9 முதல் 12 மணி நேரமும், 13 வயதுக்குமேல் 8 முதல் 10 மணி நேரமும் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. ஒவ்வொரு வயதுக்கும் உள்ள இடைவெளி மிக அகலமானது என்பதால், பக்கத்து வீட்டுக் குழந்தையின் மணிக்கணக்கை அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எழுப்பாமல் தானாக எழுந்து, பகலில் காரணமின்றிச் சிணுங்காமல் விளையாடும் குழந்தைக்குத் தூக்கம் பெரும்பாலும் போதுமானதாகவே இருக்கும்.

எங்களோடு படுக்கும் பிள்ளை தன்னம்பிக்கை இல்லாமல் வளரும் என்கிறார்களே?

இந்த அச்சம் நம் வீடுகளில் பிறந்ததன்று. குழந்தையைத் தனி அறையில் படுக்க வைப்பது மனித வரலாற்றில் மிக அண்மைக் காலத்தில், மேற்கு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வசதி படைத்த குடும்பங்களிடையே பரவிய வழக்கம். குவாட்டமாலாவின் மாயா இனத் தாய்மார்களையும் அமெரிக்க நடுத்தர வர்க்கத் தாய்மார்களையும் கில்டா மொரேலியும் அவருடைய குழுவினரும் ஒப்பிட்டு 1992இல் எழுதினார்கள். அமெரிக்காவில் குழந்தைகளைத் தனி அறையில் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட மாயாத் தாய்மார்கள் அதிர்ந்துபோய், அந்தக் குழந்தைகளுக்காக இரங்கினார்கள். அமெரிக்கத் தாய்மார்களோ, தனியே படுத்தால்தான் குழந்தை தன் காலில் நிற்கக் கற்கும் என்றார்கள். இரு தரப்பினருமே தூக்கத்தின் வழியாகப் பிள்ளைக்கு ஒழுக்கம் கற்பிப்பதாகத்தான் நம்பினார்கள். கற்பிக்க விரும்பிய ஒழுக்கம்தான் வேறு.

இடப் பற்றாக்குறையால்தான் ஏழை நாடுகளில் சேர்ந்து படுக்கிறார்கள் என்ற விளக்கமும் முழுதாகப் பொருந்தவில்லை. வில்லியம் காடில், டேவிட் பிளாத் ஆகிய இருவரும் 1966இல் ஜப்பானிய நகரக் குடும்பங்களைப் பற்றி எழுதியபோது, கூடுதல் அறை இருந்த வீடுகளிலும் குழந்தைகள் பெற்றோரை ஒட்டியே படுத்ததைப் பதிவு செய்தார்கள். ஒடிசாவின் புவனேசுவரத்தில் ரிச்சர்ட் ஷ்வேடரும் உடன் ஆய்வாளர்களும் செய்து 1995இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு குடும்பத்துக்கு இத்தனை அறைகள்தான் உண்டென்றால் யார் யாரோடு படுப்பது சரி என்று கேட்டபோது, சிறு குழந்தையைத் தனியே விடக்கூடாது, வயதுக்கு வந்த பெண்ணைக் காவலின்றி விடக்கூடாது, வளர்ந்த ஆண்களின் மதிப்புக்குக் குறைவு வரக்கூடாது என்ற வரிசையில் ஒடியா மக்கள் எண்ணினார்கள். கணவனும் மனைவியும் தனியறையில் இருப்பது அங்கே கடைசியாக வந்தது. சிகாகோவில் கேட்கப்பட்டவர்களுக்கோ தம்பதியரின் தனிமை முதன்மையாக இருந்தது. நம் ஊரில் இது வாய்விட்டுப் பேசப்படாத கேள்வி என்றாலும், பிள்ளை எப்போது பாட்டியின் பாய்க்கு மாற வேண்டும் என்பதைப் பல வீடுகளில் தீர்மானிப்பது இதுதான்.

பெற்றோரோடு படுத்து வளர்ந்த ஆசியப் பிள்ளைகள் யாவரும் தன்னம்பிக்கை குன்றியவர்களாக இருந்தால் அது எப்போதோ தெரிந்திருக்கும். விரும்பிச் சேர்ந்து படுப்பதும், தனியே படுக்க வைத்த குழந்தை அழுது ஓய்ந்து விடியற்காலையில் வந்து ஒட்டிக்கொள்வதும் ஒன்றல்ல. பின்னதில்தான் பெற்றோருக்குச் சலிப்பும் குழந்தைக்குக் குழப்பமும் மிகுகின்றன.

பச்சிளங்குழந்தையைப் பக்கத்தில் படுக்க வைப்பது ஆபத்தானதா?

இங்கே பண்பாட்டை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. ஓராண்டுக்குட்பட்ட குழந்தைகள் தூக்கத்தில் காரணம் தெரியாமல் இறப்பது உண்டு. முதல் ஆறு மாதங்களில் குழந்தை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்குவது மிகப் பாதுகாப்பானது என்று பிரிட்டன், அமெரிக்க மருத்துவ அமைப்புகள் அறிவுறுத்துகின்றன. குழந்தையை மல்லாத்திப் படுக்க வைக்கச் சொல்லும் இயக்கம் 1994இல் அமெரிக்காவில் தொடங்கிய பிறகு இத்தகைய இறப்புகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. குப்புறப் படுத்தால் நன்றாகத் தூங்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

அதே வேளையில், சேர்ந்து படுப்பது வழக்கமாயுள்ள ஜப்பானில் இந்த இறப்பு குறைவாகவே உள்ளது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் தெற்காசியக் குடும்பங்களையும் வெள்ளையினக் குடும்பங்களையும் ஒப்பிட்ட ஹெலன் பால் குழுவினர், தெற்காசியத் தாய்மார் குழந்தையோடு படுப்பது அதிகமாயினும், அவர்களிடையே புகையும் மதுவும் அரிது, குழந்தையைத் தனியறையில் விடுவதும் அரிது என்று 2012இல் காட்டினார்கள். ஆபத்து மிக அதிகமாவது படுக்கையைப் பகிர்வதோடு வேறு சிலவும் சேரும்போதுதான்: புகைபிடிக்கும் பெற்றோர், மது அல்லது தூக்க மருந்து, குறைமாதத்தில் அல்லது எடை குறைவாகப் பிறந்த குழந்தை, அமிழும் மெத்தை, சோபா. பால் கொடுத்தபடியே சோபாவில் கண்ணயர்வது கட்டிலில் சேர்ந்து படுப்பதைவிடப் பல மடங்கு ஆபத்தானது. தலை உருண்டையாக வர வேண்டும் என்பதற்காக வைக்கும் கடுகுத் தலையணையும், பக்கத்தில் அணையாக வைக்கும் துணிச் சுருளும், குளிப்பாட்டியபின் காட்டும் சாம்பிராணிப் புகையும் தேவையற்றவை. தரையில் கோரைப்பாயும் அதன்மேல் மெல்லிய விரிப்பும் போட்டு, குழந்தைக்கென்று ஒரு கை தூரத்தில் தனி இடம் விட்டுப் படுப்பது, நம் வீடுகளில் எளிதாகச் செய்யக்கூடியதும் ஆபத்தைக் குறைப்பதுமான ஏற்பாடு.

வழக்கத்தைத் தடை செய்யாமல் திருத்திக்கொள்ளலாம் என்பதற்கு நியூசிலாந்தின் மாவோரி மக்கள் நல்ல எடுத்துக்காட்டு. குழந்தையோடு படுப்பதைக் கைவிட அவர்கள் விரும்பவில்லை. ஆகவே அவர்களுடைய மருத்துவர்களும் நெசவுக் கலைஞர்களும் சேர்ந்து, பெற்றோரின் படுக்கைமீதே வைக்கக்கூடிய வஹாகுரா என்னும் நார்ப் பின்னல் தொட்டிலை உருவாக்கினார்கள். அதைப் பயன்படுத்திய தாய்மார்கள் தாய்ப்பால் கொடுப்பதையும் கூடுதல் காலம் தொடர்ந்ததாக 2017இல் வந்த ஆய்வு காட்டியது. லண்டனிலோ டொரொன்டோவிலோ வாழும் தமிழ்ப் பெற்றோரிடம், குழந்தை எங்கே படுக்கிறது என்று வீட்டுக்கு வரும் செவிலியர் கேட்டால், உண்மையை மறைப்பதைவிடச் சொல்லிவிட்டு, அதைப் பாதுகாப்பாகச் செய்யும் வழியைக் கேட்பதே பயன் தரும்.

தூளியில் தூங்கிப் பழகிய குழந்தை வேறெங்கும் தூங்க மறுக்கிறது. என்ன செய்யலாம்?

ஆட்டம் குழந்தையை அமைதிப்படுத்துவது வெறும் நம்பிக்கையன்று. தூக்கிக்கொண்டு நடக்கும்போது குழந்தையின் இதயத்துடிப்பு சட்டென்று தணிவதை ஜப்பானில் குமி குரோடா குழுவினர் 2013இல் அளந்து காட்டினார்கள். ஐந்து நிமிடம் நடந்து தூங்க வைத்து, பிறகு ஐந்து முதல் எட்டு நிமிடம் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்துவிட்டுக் கிடத்தினால் குழந்தை விழிப்பது குறைகிறது என்று அதே குழுவினர் 2022இல் எழுதினார்கள். நம் பாட்டிமார்கள் 'கொஞ்சம் அசந்த பிறகு போடு' என்று சொல்வதும் இதைத்தான்.

தூளியில் ஆட்டித் தூங்க வைத்தபின் பாயில் மாற்றிப் போடுவது நல்லது. இரவு முழுவதும் தூளியிலேயே விடும்போது முகவாய் நெஞ்சில் அமிழ்ந்து மூச்சுப்பாதை மடங்கக்கூடும். குழந்தை மல்லாந்து நேராகக் கிடப்பதும் அதில் இயலாது. குழந்தை புரளவோ எழுந்து உட்காரவோ தொடங்கியதும் தூளியை நிறுத்திவிட வேண்டும். தொங்கும் சேலையில் சுற்றி விளையாடிய சற்றுப் பெரிய பிள்ளைகளின் கழுத்து இறுகி உயிர் போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. ஆகவே குழந்தை இல்லாத வேளையில் சேலையை அவிழ்த்து மேலே போட்டுவிடுவது அவசியம்.

விளக்கு வைக்கும் நேரத்தில் தூங்கக்கூடாது என்பது மூடநம்பிக்கையா?

லட்சுமி வரும் நேரம் என்ற காரணத்தை ஏற்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். ஆனால் பழக்கம் சரியானது. மாலை ஆறு மணிக்கு ஒரு மணி நேரம் உறங்கி எழும் மூன்று வயதுக் குழந்தையிடம், பகல் முழுவதும் சேர்ந்த தூக்க அழுத்தம் வடிந்துவிடும். பிறகு பத்தரை வரை அது ஓடிக்கொண்டிருக்கும். பிற்பகல் தூக்கத்தை மூன்றரை மணிக்குள் முடித்து, அந்தி வேளையில் வாசலிலோ தெருவிலோ விளையாட விட்டால் இரவு எட்டரைக்குக் கண் சொக்கும்.

அந்தியில் ஒரு விளக்கோடு நின்ற காலத்துக்கும் இப்போதைக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. கொலராடோவில் மோனிக் லெபூர்ஜுவா குழுவினர், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளைப் படுக்கும் முன் ஒரு மணி நேரம் பளிச்சென்ற வெளிச்சத்தில் இருக்கச் செய்தபோது, தூக்கத்தைக் கொண்டுவரும் மெலட்டோனின் சுரப்பு சுமார் 88 சதவீதம் அடங்கிப்போனது. விளக்கை அணைத்து ஐம்பது நிமிடம் கழித்தும் பெரும்பாலான குழந்தைகளிடம் அது மீளவில்லை. கூடத்தில் இரண்டு டியூப்லைட்டும் தொடர் ஓடும் தொலைக்காட்சியும் எரிய, அதே கூடத்தின் மூலையில் குழந்தையைத் தூங்கச் சொல்லும் வீட்டில் குற்றம் குழந்தையுடையதன்று.

அப்பா இரவு ஒன்பதரைக்குத்தான் வருகிறார். அதுவரை குழந்தையை விழிக்க வைக்கலாமா?

மற்ற நாடுகளின் பட்டியலை இங்கே ஒட்ட வைக்க முயல்வதில்தான் பல குடும்பங்கள் தோற்கின்றன. தந்தையைப் பார்க்காமல் உறங்கும் குழந்தை ஒன்றை இழக்கிறது. பார்த்துவிட்டு உறங்கும் குழந்தை வேறொன்றை இழக்கிறது. காலையில் எட்டரை வரை தூங்க முடிகிற, பள்ளி செல்லாத குழந்தைக்கு இரவு பத்து மணிப் படுக்கை பெரிய தீங்கன்று; அதன் உடற்கடிகாரம் அந்த நேரத்துக்குப் பழகிவிடும், மொத்த மணிநேரம் குறையாது. தீங்கு தொடங்குவது பள்ளி வேன் ஏழேகாலுக்கு வந்து நிற்கும் நாளில்தான். அப்போது இரவில் ஒரு மணி நேரம் கழிகிறது, காலையில் அது திரும்பக் கிடைப்பதில்லை.

அந்தக் கட்டத்தில் தந்தையின் நேரத்தைக் காலைக்கு மாற்றுவதே சிறந்தது என்று கருதுகிறேன். குளிப்பாட்டுவது, சீருடை மாட்டுவது, பள்ளியில் விடுவது ஆகியவற்றைத் தந்தை எடுத்துக்கொண்டால், இரவில் பத்து நிமிடம் கிச்சுக்கிச்சு மூட்டிக் குழந்தையின் தூக்கத்தைக் கலைப்பதைவிட உறவும் நெருங்கும், தாய்க்கும் ஓய்வு கிடைக்கும். படுக்கும் நேரத்தை ஒரே நாளில் பத்திலிருந்து எட்டரைக்குக் கொண்டுவர முடியாது. மூன்று நான்கு நாளுக்கொருமுறை கால் மணி நேரமாக முன்னே நகர்த்தி, காலையிலும் அதே அளவு முன்னதாக எழுப்பி வெயிலில் நிறுத்த வேண்டும்.

பகல் தூக்கத்தை எந்த வயதில் நிறுத்த வேண்டும்?

நிறுத்தியே ஆக வேண்டிய வயது என்று ஒன்றில்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 2 முதல் 8 வயது வரையுள்ள குழந்தைகளை ஆராய்ந்தபோது, எட்டு வயதில் வெள்ளையினக் குழந்தைகளில் 5 சதவீதத்தினரும் கறுப்பினக் குழந்தைகளில் 39 சதவீதத்தினரும் பகலில் உறங்கினார்கள். ஆனால் வாரத்தின் மொத்தத் தூக்கம் இரு சாராருக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. சீனப் பள்ளிகள் பலவற்றில் மதியத் தூக்கம் நாளின் ஒழுங்கிலேயே உண்டு. அங்கே 2,928 மாணவர்களிடம் செய்யப்பட்ட ஆய்வில், மதியம் வழக்கமாக உறங்கியவர்களிடம் மனமகிழ்ச்சி கூடுதலாகவும் நடத்தைச் சிக்கல்கள் குறைவாகவும் காணப்பட்டன. உறக்கம்தான் அதற்குக் காரணம் என்று அவ்வாய்வு நிறுவிவிடவில்லை.

அழவிட்டுப் பழக்கினால் குழந்தைக்கு மனக்காயம் ஏற்படுமா?

முதலில், இரவில் விழிப்பது நோயன்று. கனடாவில் ஆறு மாதக் குழந்தைகளில் 38 சதவீதத்தினரும், ஒரு வயதுக் குழந்தைகளில் 28 சதவீதத்தினரும் தொடர்ந்து ஆறு மணி நேரம் உறங்கவில்லை என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை பக்கத்தில் படுத்திருக்கும் வீட்டில் இதைச் சரிசெய்ய வேண்டிய அவசியமே பெரும்பாலும் எழுவதில்லை.

அழும் குழந்தையிடம் போவதற்கு மெல்ல மெல்ல இடைவெளி விட்டு, தானே தூங்கப் பழக்கும் முறைகளைப் பற்றி மெல்போர்னில் 326 குழந்தைகளை ஆறு வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். தீங்கும் தென்படவில்லை, நெடுங்கால நன்மையும் தென்படவில்லை. தூக்கமின்றித் தளர்ந்து, மனச்சோர்வில் விழும் நிலையிலுள்ள தாய்க்கு அம்முறை உதவலாம். ஆனால் மாமியார் அடுத்த அறையிலிருந்து எழுந்து வந்து, 'பச்சைப்பிள்ளையை இப்படியா அழவிடுவாய்?' என்று கேட்கும் கூட்டுக்குடும்பத்தில் அது மூன்றாம் நாளே முறிந்துவிடும். அரைகுறையாக விடுவது தொடங்காமலிருப்பதைவிட மோசமானது, ஏனெனில் நெடுநேரம் அழுதால் யாராவது வருவார்கள் என்பதைத்தான் குழந்தை அதிலிருந்து கற்கிறது. அந்த வீட்டில் மாமியாருக்கே நடுஇரவில் ஒரு முறை எழும் பொறுப்பைத் தருவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

தாலாட்டும் கதையும் உண்மையிலேயே உதவுமா?

உதவும். 14 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களிடம் கேட்டு 2015இல் வெளியான ஆய்வில், வாரத்தில் எத்தனை நாள் ஒரே வரிசையில் குழந்தையைப் படுக்கைக்குக் கொண்டுபோகிறார்களோ அத்தனைக்குத் தூக்கம் சீராக இருந்தது. என்ன செய்கிறோம் என்பதைவிட அதை நாள்தோறும் அதே ஒழுங்கில் செய்வதே முக்கியம். முகம் கழுவி, பால் குடித்து, தாத்தாவிடம் திருநீறு பூசிக்கொண்டு, பாட்டி பக்கத்தில் படுத்து ஒரு கதை கேட்பது எந்தப் பெட்டியிலும் விற்கப்படாத நல்ல ஒழுங்கு. தூங்காவிட்டால் பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போய்விடுவான் என்ற மிரட்டலை மட்டும் விட்டுவிடலாம். படுக்கையைப் பயத்தோடு முடிச்சுப் போட்டபின் தூக்கத்தை எதிர்பார்ப்பது விந்தை. கதை சொல்ல ஆளில்லையென்று கைப்பேசியைக் கொடுத்தால் குரலோடு வெளிச்சமும் சேர்ந்து வந்துவிடுகிறது.

பன்னிரண்டாம் வகுப்பு மகளை அதிகாலை நாலு மணிக்கு எழுப்பிப் படிக்க வைக்கலாமா?

பதின்வயதில் உடற்கடிகாரம் தானாகவே பின்னே தள்ளிப்போகிறது என்பதை அமெரிக்கத் தூக்க ஆய்வாளர் மேரி கார்ஸ்கேடன் பல ஆண்டு ஆய்வுகளில் நிறுவியுள்ளார். பத்து மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று அப்பெண் சொல்வது பெரும்பாலும் சாக்காக இராது. கலிபோர்னியா மாநிலம் 2019இல் சட்டமியற்றி, 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகள் பொதுவாகக் காலை 8.30க்கு முன் தொடங்கக்கூடாது என்றாக்கியது இதனால்தான். நம் ஊரில் பள்ளிக்கு முன் சிறப்பு வகுப்பு, பள்ளிக்குப் பின் நீட் பயிற்சி, வீட்டுக்கு வந்தபின் பதினொன்றரை வரை வீட்டுப்பாடம் என்று ஏற்கெனவே இரண்டு மணி நேரம் களவாடப்பட்டுவிட்டது. விடியலில் படித்தால் மனதில் பதியும் என்ற நம்பிக்கை, ஒன்பது மணிக்கே ஊரடங்கிய காலத்துக்குப் பொருந்தியது. எட்டு மணி நேரம் உறங்கிவிட்டு நாலு மணிக்கு எழுந்தால் அது இன்றும் பொருந்தும். ஐந்து மணி நேரத் தூக்கத்தில் எழுப்பினால், படித்ததை நினைவில் உறைய வைக்கும் வேலையையே பாதியில் நிறுத்துகிறோம்.

எப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும்?

வாரத்தில் பல நாள் உரத்த குறட்டை, வாயால் மூச்சுவிடுதல், தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுதல், போதிய நேரம் உறங்கியும் பகலில் சோர்ந்து விழுதல் ஆகியவை இருந்தால் காட்ட வேண்டும். மூக்கின் பின்புறத்தில் வளரும் அடினாய்டு சதை இதற்குப் பொதுவான காரணம். இரவெல்லாம் காலை உதைத்துப் புரளும் குழந்தைக்கு இரும்புச்சத்து அளவைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் இந்தியாவில் 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் 67 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருப்பது தெரிந்தது. அமைதியற்ற தூக்கத்துக்கும் இரும்புச்சத்துக் குறைவுக்கும் தொடர்பு உண்டு. தூங்க வைப்பதற்காகச் சளி மருந்தை ஒரு மூடி கொடுக்கும் பழக்கத்தை, மருத்துவர் எழுதித் தந்த பழைய மருந்தாக இருந்தாலும், அறவே விட வேண்டும்.